ஓடத் தயாரான உடம்பு

பயம் வந்தால் தமிழில் என்ன சொல்கிறோம்? வயிற்றைக் கலக்குகிறது. நாக்கு உலர்ந்துவிட்டது. நெஞ்சு படபடக்கிறது. கை கால் உதறுகிறது. கோபத்தை அடக்கியிருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்கிறோம். கவலை முற்றினால் நெஞ்சு கனக்கிறது. கவனித்துப் பாருங்கள், இதில் எங்கேயும் மனசு என்ற சொல்லே இல்லை. வயிறு, நாக்கு, நெஞ்சு, கை, கால், பல். எல்லாம் உடம்பு.

பேச்சுவழக்குதானே என்று இவற்றை நாம் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பதை அப்படியே சொல்கிற சொல். வயிறு நிஜமாகவே தன் வேலையை நிறுத்துகிறது. எச்சில் நிஜமாகவே வற்றுகிறது. பல்லைக் கடிப்பது எவ்வளவு உண்மை என்பதை நான் ஒரு பல் மருத்துவரிடம்தான் தெரிந்துகொண்டேன். வேறு எதற்கோ போயிருந்தேன். வாயைப் பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்திருக்கிறதே, தூக்கத்தில் நறநறவென்று கடிப்பீர்களா? வேலையில் ரொம்ப டென்ஷனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்கு எனக்கு அரை நிமிடம் பிடித்தது. அந்த நிமிடம் வரை என் டென்ஷன் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டென்ஷனாக இருப்பவரிடம் போய் "கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்களேன்" என்று சொன்னால் பெரும்பாலும் எரிச்சல்தான் வரும். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, இதில் வாக்கிங் ஒன்றுதான் குறைச்சல் என்று தோன்றும். நான் நடந்தால் கடன் குறையுமா, மேலதிகாரி மாறிவிடுவாரா? மாட்டார். ஆனாலும் நடந்துவிட்டு வந்தவருக்கு அதே கடனும் அதே மேலதிகாரியும் கொஞ்சம் சமாளிக்கக்கூடிய அளவில் தெரிகிறார்கள். அது எப்படி என்று புரிந்துவிட்டால், யாரும் சொல்லாமலே எழுந்து நடக்கத் தோன்றும்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். மன அழுத்தம் என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஸ்ட்ரெஸ், டென்ஷன் என்று அன்றாடம் சொல்கிறோமே, அது ஒன்று. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போகிற மனச்சோர்வு நோய் இன்னொன்று. இங்கே பேசப்போவது முதலாவதைப் பற்றி. இரண்டாவதைப் பற்றிக் கடைசியில் சில வரிகள் சொல்கிறேன்.

உடம்பு செய்யும் அவசர ஏற்பாடு

வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியங்கியல் அறிஞர், எக்ஸ்ரே வந்த புதிதில் பூனைகளின் வயிற்றில் உணவு எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அமைதியாக இருக்கும்வரை இரைப்பை அலை அலையாக அசைந்துகொண்டிருக்கும். அது மிரண்டாலோ சீறினாலோ அந்த அசைவு சட்டென்று நின்றுபோகும். அமைதியானதும் மறுபடி தொடங்கும். உணர்ச்சிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அவரை விடவில்லை. அதைத் தொடர்ந்துபோய் 1915-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில்தான், ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்ற கருத்து முழு வடிவம் பெற்றது. வயிற்றைக் கலக்குகிறது என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதை அவர் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறார்.

அந்த ஏற்பாடு இப்படி நடக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவுசெய்ததும் நரம்புகள் வழியாக ஒரு தகவல் கிளம்புகிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், சில வினாடிகளுக்குள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது. மூச்சுக்குழாய்கள் விரிகின்றன. கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து விடுகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் போய்க்கொண்டிருந்த இரத்தம் கை கால் தசைகளின் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. உயிர் போகிற நேரத்தில் செரிமானம் எதற்கு? எச்சிலும் வேண்டாம், அதனால் நாக்கு உலர்கிறது. தோள், கழுத்து, தாடைத் தசைகள் இறுகுகின்றன. உள்ளங்கை வியர்க்கிறது.

இதற்குப் பின்னாலேயே இன்னொரு வரிசை மெதுவாக வருகிறது. மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து மறுபடி அட்ரீனலுக்கும் ஹார்மோன் வழியாகத் தகவல் போய், கார்டிசால் சுரக்கிறது. இது உச்சத்துக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். அட்ரினலின் எடுத்துக் கொடுத்த சர்க்கரையைத் தொடர்ந்து கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது இதன் வேலைகளில் ஒன்று. சண்டை போட்டு அரை மணி நேரம் ஆன பிறகும் உடம்பு அடங்காமல் இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கார்டிசாலைப் பலர் ஏதோ விஷம்போலப் பேசுகிறார்கள். அது சரியில்லை. காலையில் நம்மை எழுப்பி நடமாட வைப்பதே அதுதான். விடியலில் ஏறி, நாள் போகப் போக இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வருவது அதன் இயல்பு. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் இருந்தால்தான் தொல்லை.

அப்படித் தொடர்ந்து இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான முதல் தடயம் 1936-இல் கிடைத்தது. மான்ட்ரியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு என்று வெவ்வேறு சிரமங்களுக்கு உள்ளாக்கினார். சிரமம் எதுவாக இருந்தாலும் உடம்பில் விளைந்தது ஒன்றேதான். அட்ரீனல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் இவர்தான்.

ஏற்பாடு இருக்கிறது, ஓட்டம் இல்லை

இப்போது ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். வேலை முடிகிற நேரம். ஒரு மின்னஞ்சல் வருகிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் பிழை இருக்கிறதாம், நாளைக் காலைக்குள் விளக்கம் வேண்டுமாம், மேலிடத்தில் நான்கு பேருக்கு நகல் போயிருக்கிறது. படித்த மறுவினாடி முகம் சூடாகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறுகின்றன. மேலே சொன்ன எல்லாமே நடந்து முடிந்துவிட்டது. கல்லீரல் சர்க்கரையை எடுத்து விட்டாயிற்று, இரத்தம் தொடைக்கு வந்தாயிற்று, ஓடலாம் என்று உடம்பு தயாராக நிற்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து அதே மின்னஞ்சலை மூன்றாவது முறையாகப் படிக்கிறோம்.

உடம்பைப் பொறுத்தவரை புலியும் மின்னஞ்சலும் ஒன்றுதான். ஆனால் புலி வந்தால் ஓடுவோம், தப்பித்தால் ஒரு மரத்தடியில் மூச்சு வாங்க உட்காருவோம், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். மின்னஞ்சலில் அந்த முடிவு வருவதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அதையே நினைக்கிறோம், சாப்பிடும்போது நினைக்கிறோம், படுத்த பிறகும் மனசுக்குள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி தொடங்குகிறது. கழுத்து வலி, பின்மண்டையில் ஆரம்பிக்கிற தலைவலி, வயிற்று உப்புசம், படுத்தும் தூக்கம் வராமல் புரளுவது, காரணமே இல்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது, இவையெல்லாம் பெரும்பாலும் அதன் மிச்சம்தான்.

சரி, ஓடத் தயாரான உடம்பை என்ன செய்வது? கொஞ்சம் ஓடவிட வேண்டியதுதான். எளிமையாகச் சொன்னால் உடற்பயிற்சி டென்ஷனைக் குறைப்பதன் அடிப்படை இதுதான். தசை வேலை செய்யத் தொடங்கினால் அந்தச் சர்க்கரை செலவாகிறது. இதயம் வேகமாக அடிப்பதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது. பயிற்சியை நிறுத்தியதும், வேலை முடிந்தது என்று உடம்புக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்போது எதிர்ப்பக்க நரம்பு மண்டலம் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. துடிப்பை இறக்குவதும் செரிமானத்தை மறுபடி கிளப்புவதும் அதன் வேலை. பயிற்சி முடிந்து சில மணி நேரத்துக்கு இரத்த அழுத்தம்கூட வழக்கத்தைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும்.

இது முழுக் கதையும் ஆகாது. இன்னும் சில விஷயங்கள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

நடக்கும்போது மாறுவது என்ன

முதலாவது, தசை. இறுகிய தசை மூளைக்குத் திரும்பத் திரும்ப ஒரே செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது, ஆபத்து இன்னும் போகவில்லை என்று. அது தளர்ந்தால் அந்தச் செய்தியும் குறைகிறது. ஹெர்பர்ட் டிவ்ரீஸ் என்பவர் 1972-இல் ஒரு சோதனை வெளியிட்டார். பதற்றம் உள்ள வயதானவர்கள் சிலரை ஒரு நாள் 15 நிமிடம் மிதமாக நடக்கவிட்டார், இன்னொரு நாள் அந்தக் காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்ட மெப்ரோபமேட் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையைக் கொடுத்தார். இரண்டுக்கும் பிறகு தசையில் எவ்வளவு மின்னோட்டம் இருக்கிறது என்று அளந்தார். நடை தசையைத் தெளிவாகத் தளர்த்தியது, மாத்திரை அந்த அளவுக்குத் தளர்த்தவில்லை. பத்துப் பேர் மட்டுமே கலந்துகொண்ட சின்ன ஆய்வு, அதனால் மாத்திரையைத் தூக்கிப்போடுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அதில் பிடித்தது அந்த 15 நிமிடம்தான். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100 வரை போகிற அளவு நடை. அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கிறது.

இரண்டாவது, மூளையில் சுரப்பவை. உடற்பயிற்சி செய்தால் எண்டார்ஃபின் சுரந்து சந்தோஷம் வரும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்போம். இரத்தத்தில் அது ஏறுவது உண்மைதான். ஆனால் எண்டார்ஃபின் பெரிய மூலக்கூறு, இரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாக நுழைய முடியாது. அதனால் ஆய்வாளர்களின் கவனம் இப்போது இன்னொரு பொருளின் பக்கம் போயிருக்கிறது. அது மூளைக்குள் எளிதாகப் போகும், மிதமான ஓட்டத்துக்குப் பிறகு இரத்தத்தில் கூடவும் செய்கிறது. 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டுபிடித்தபோது வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆமாம், நம் ஆனந்தமேதான், சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்து வைத்த பெயர். நன்றாக நடந்துவிட்டு வந்து முகம் கழுவும்போது, காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு லேசான நிறைவு வருமே, அதில் இதற்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. படபடப்பு வந்தால் பலருக்கு அந்தப் படபடப்பைப் பார்த்தே பயம் வரும். நெஞ்சு இப்படி அடிக்கிறதே, ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தால் அது இன்னும் வேகமாக அடிக்கும். இது தன்னைத் தானே சுற்றிக்கொள்கிற வட்டம். தினமும் மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறவருக்கு வேகமான துடிப்பு புதிதில்லை. வியர்ப்பது, மூச்சிரைப்பது, நெஞ்சு அடிப்பது எல்லாம் வரும், சில நிமிடத்தில் போய்விடும் என்பது உடம்புக்கே பழகிவிடுகிறது. பிறகு ஒரு கூட்டத்தில் பேச எழுந்திருக்கும்போது அதே துடிப்பு வந்தாலும் முன்போல மிரட்டுவதில்லை. இதுவே எனக்கு மிகப் பெரிய பலன் என்று தோன்றுகிறது, ஏனென்றால் பயிற்சி செய்யாத நேரத்திலும் இது கூடவே இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறையாக உடம்பை அசைப்பவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது, ஆழமாகவும் இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு அதே மின்னஞ்சல் பாதிதான் கனக்கும். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மட்டும் கடுமையான பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. மெதுவான நடைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம்

புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. என் பதில், உங்களுக்கு எது வெறுப்பாக இல்லையோ அது. நடை, சைக்கிள், நீச்சல், நடனம், கயிறு தாண்டுவது, பூப்பந்து, யோகாசனம், தோட்டத்தில் மண் கொத்துவது என்று எதுவானாலும் சரி. பிடிக்காத பயிற்சியை டென்ஷன் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்தால் அதுவே இன்னொரு கடமையாகி டென்ஷனில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

ஒன்றுமே தோன்றவில்லை என்றால் நடையில் தொடங்குங்கள். வேகம் எவ்வளவு என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நாலைந்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் அது கடுமையான வேகம். அன்றாட டென்ஷனுக்கு மிதமான வேகமே தாராளம். மிகக் கடுமையான பயிற்சியில் கார்டிசாலும் கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும். பழகியவருக்கு அது ஒன்றும் செய்யாது. ஏற்கனவே தூக்கமில்லாமல் துவண்டிருப்பவர் அதில் போய் விழ வேண்டியதில்லை.

நேரக் கணக்கு வேண்டுமானால், உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வயதுவந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி என்று இருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போகாதீர்கள். ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது, அதையும் அதே வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். நான்கு நிமிடம் படி ஏறியதும் கணக்குதான். தினம் 10,000 அடி என்பதற்கோ இந்த அளவுக்குக்கூட அடிப்படை கிடையாது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. பத்தாயிரம் வரவில்லையே என்று இரவு பதினொரு மணிக்குக் கூடத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கருவி உதவியாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், அதட்டுகிறது என்று தோன்றினால் கழற்றி வையுங்கள்.

டென்ஷன் உச்சத்தில் இருக்கிற ஒரு நாளில் எப்படி நடப்பது என்று பார்க்கலாம். அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டீர்கள். பதில் எழுத வேண்டாம். எழுந்திருங்கள். செல்போனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், நடந்துகொண்டே அலுவலகப் பேச்சு பேசினால் கால் மட்டும்தான் நடக்கும், மற்றதெல்லாம் நாற்காலியிலேயே இருக்கும். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் மாறாது. தலைக்குள் சண்டை நடந்துகொண்டே இருக்கும், கால் தானாக வேகமெடுக்கும். எடுக்கட்டும். ஐந்தாவது நிமிட வாக்கில் மூச்சு கொஞ்சம் ஆழமாகும், கை வீச ஆரம்பிக்கும். அப்போது தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காதுக்குப் பக்கத்தில் இருந்தால் இறக்கிவிடுங்கள். தாடையையும் பாருங்கள், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருந்தால் விடுவியுங்கள். (பல் மருத்துவரைப் பார்த்த பிறகு நான் தினமும் செய்வது இது.) பிறகு பார்வையைத் தரையிலிருந்து எடுத்துத் தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றின்மேல் வையுங்கள், ஒரு மரமோ கட்டடத்தின் உச்சியோ எதுவானாலும் சரி. எட்டு ஒன்பது நிமிடத்தில் கண்ணில் வேறு விஷயங்கள் படத் தொடங்கும். ஒரு நாய் படுத்திருப்பது, யாரோ சன்னலைச் சாத்துவது. தலைக்குள் நடந்த சண்டையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது என்று அர்த்தம். கடைசி இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், அதை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

முடிந்தால் மரம், செடி இருக்கிற பக்கமாக நடங்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவை 90 நிமிடம் பசுமையான இடத்திலும் இன்னொரு குழுவை வாகன நெரிசல் மிகுந்த சாலையோரமும் நடக்கவிட்டார்கள். பசுமையில் நடந்தவர்களுக்கு ஒரே விஷயத்தைப் போட்டு மனசுக்குள் அரைத்துக்கொண்டிருப்பது குறைந்திருந்தது. அதற்கென்று பக்கத்தில் காடு தேட வேண்டாம். இரண்டு மரம் இருக்கிற தெருவும் மரமே இல்லாத தெருவும் இருந்தால் முதல் தெருவில் திரும்புங்கள்.

எழுந்து போகவே முடியாத இடங்களும் உண்டு. கூட்டத்தின் நடுவில், வாகனத்தில், மருத்துவமனை வரிசையில். அதற்கு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு முறையை உருவாக்கி, 1929-இல் விரிவாக எழுதினார். தசையைத் தளர்த்து என்று சொன்னால் யாருக்கும் தளர்த்தத் தெரியாது, முதலில் இறுக்கினால்தான் தளர்வு எது என்று தெரியும் என்பது அவருடைய கவனிப்பு. கை முஷ்டியை ஐந்து வினாடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டு, அந்த வித்தியாசத்தை ஒரு பத்து இருபது வினாடி கவனிக்க வேண்டும். அப்புறம் தோள், முகம், வயிறு, தொடை, பாதம் என்று ஒவ்வொன்றாக. மேசைக்குக் கீழே பாதத்தில் செய்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

கோபத்துக்கு மட்டும் வேறு கணக்கு

கோபமாக இருக்கும்போது மணல் மூட்டையைக் குத்து, எல்லாம் வெளியே போய்விடும் என்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிர அடங்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஏற்கனவே கொதிக்கிற உடம்பை இன்னும் கொதிக்கவிட்டு, அந்த முகத்தையும் கண்முன் நிறுத்தி வைத்தால் உடம்பு அதையே பழகிக்கொள்கிறது. ஆகவே கோபத்துக்கு மெதுநடை, நீளமான மூச்சு, உடம்பை நீட்டி மடக்குவது போன்றவை ஏற்றவை. வேகமாகத்தான் எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், முழுக் கவனத்தையும் கேட்கிற ஒன்றாகப் பாருங்கள். பந்து வரும் திசையைப் பார்க்க வேண்டிய விளையாட்டில் யாருடைய முகத்தையும் நினைக்க நேரம் இருக்காது. இதய நோய் உள்ளவர்கள் கடும் கோபத்தோடு கடுமையான பயிற்சியில் இறங்கவே கூடாது. இரண்டும் சேரும்போது மாரடைப்புக்கான ஆபத்து கூடுகிறது என்பதைப் பெரிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

தொடங்குவதில் உள்ள சிரமம்

நேரமில்லை என்பதைவிட, சோர்வாக இருக்கிறது என்பதுதான் பெரும்பாலானோரின் உண்மையான தடை. நாள் முழுக்க உட்கார்ந்து மண்டை காய்ந்தவருக்கு உடம்பே ஓய்ந்துவிட்டது போலிருக்கும். ஆனால் அன்று அவர் கால்கள் ஒரு வேலையும் செய்திருக்காது. களைத்திருப்பது கவனம். ஐந்து நிமிடம் மட்டும் நடக்கிறேன், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுகிறேன் என்று தனக்குத் தானே வாக்குக் கொடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்யுங்கள். சில நாள் நிஜமாகவே ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவீர்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. மூன்று நாள் விட்டுப்போனால் நான்காவது நாள் சேர்த்து ஒன்றரை மணி நேரம் நடந்து ஈடுகட்ட வேண்டாம், வழக்கம்போல ஐந்து நிமிடம் நடங்கள். நேரத்தைக் குறிப்பதைவிட ஏற்கனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு ஒட்டவைத்தால் நிற்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என்று நான் வைத்துக்கொண்டேன். கழற்றிவிட்டால் மறுபடி போட்டுக்கொண்டு கிளம்புவது என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

இது போதாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மீறிய வேலைச்சுமையையோ, மிரட்டுகிற மேலதிகாரியையோ, வீட்டில் நடக்கிற வன்முறையையோ நடை தீர்க்காது. அவற்றைத் தாங்கிக்கொள்வதற்காக நடக்கச் சொல்வது அநியாயம். அவற்றை எதிர்கொள்ளத் தெளிவு வேண்டும், அந்தத் தெளிவுக்கு நடை உதவும், அதுதான் அதன் எல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுப்போய்விட்டது, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் அது டென்ஷனைத் தாண்டிவிட்டது. தயங்காமல் மருத்துவரிடம் பேசுங்கள், நெருங்கியவர் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலியோ, மயக்கமோ வந்தால் உடனே நின்றுவிட்டு அவசர மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள், டென்ஷனாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இதய நோயோ கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நீண்ட காலமாக அசையாமல் இருந்தவர்கள், கடுமையான பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பு மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பலன் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடை பார்க்கும் கருவி இதற்கு உதவாது. இன்று மாலை நடந்துவிட்டுத் திரும்பி வரும்போது வாய்க்குள் கவனியுங்கள், நாக்கு ஈரமாக இருக்கிறதா என்று. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வேலை முடிகிற நேரத்தில் கலங்கிக்கொண்டிருந்த வயிறு மெல்ல ஒரு சத்தம் போடும். பசிக்கிறது என்று அர்த்தம்.